இடது காது வாங்கிய நூற்றுக்கு நூறு

தம்பி,

இன்றைய நிலவரப்படி உறுதியான செய்தி ஒன்றுதான். என் இடது காதுக்குச் சத்தம் வருகிறது, சொல் வருவதில்லை. இதைச் சொன்னவர் சேலையூரில் மாடி அறையொன்றில் செவித்திறன் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட். போன வாரம் செவ்வாய்க்கிழமை, தன் கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்ட அறிக்கையில் எழுதித் தந்திருக்கிறார். வலது காது என் வயதுக்கு உரிய அளவில்தான் மங்கியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. இல்லை என்பதை அவரே சொன்னார். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின்மேல் ஏதாவது வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, காது மூக்கு தொண்டை டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் இன்று காலை முடிந்தது. முடிவு இன்னும் வரவில்லை.

இதற்கு முன் நான் உனக்கு அனுப்பிய செய்தி தவறு. “மெஷின் போட்டதும் நூற்றுக்கு நூறு, அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்” என்று காது மெஷின் கடையில் கொடுத்த தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேனே, அதைத்தான் சொல்கிறேன். அந்த நூறு நான் வாங்கியதுதான், ஆனால் என் காது வாங்கியதல்ல. அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் நீ இன்னமும் மெஷினை வாங்கிவிடச் சொல்லி வற்புறுத்துகிறாய். ஆகவே திருத்தம் சொல்ல வேண்டியவள் உன் அம்மா நான்தான். போனில் சொல்லிப் பார்த்தேன். நீ கேட்டது ஒன்று, நான் பதில் சொன்னது வேறொன்று என்பது நீ சட்டென்று அமைதியானதிலிருந்து தெரிந்தது. அதனால் எழுதுகிறேன். நம் பகுதி வாரப் பத்திரிகையில் என் பத்தி வரும் இடத்திலேயே இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். உன் பெயர் இருக்காது. நம் வீட்டில் நடந்தது இன்னும் பல வீடுகளில் நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோடையில் பெரும்பாக்கம் குடியிருப்பில் லிஃப்ட் ஓடாததைப் பற்றி எழுதப் போயிருந்தேன். படியேறி மூச்சு வாங்க நின்றபோது ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு என் இடதுபக்கம் வந்து நின்று பேசினாள். மகனுக்கு நெஞ்சில் சளி, அவனைத் தூக்கிக்கொண்டு இத்தனை மாடி இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் தன் உயிர் போய்விடுகிறது என்றாள். நான் நெஞ்சில் வலி என்று எழுதிக்கொண்டேன். சளி, வலி. முதல் எழுத்து காதில் விழாவிட்டால் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான். மிச்சத்தை மனசு தானாகவே நிரப்பிக்கொள்கிறது. செய்தி அச்சாகி வந்த பிறகு அவள் போன் செய்தாள். “இன்னாக்கா, புள்ளைக்கு சளின்னு சொன்னா நீ நெஞ்சு வலின்னு போட்டுகிற. எங்கம்மா வூட்லேர்ந்து அழுதுகினு வந்துட்டாங்க. சின்னப் புள்ளைக்கு இன்னா ஹார்ட் அட்டாக்கான்னு மாடி மாடியா வந்து கேக்குறாங்க.” அடுத்த வாரம் திருத்தம் போட்டோம். திருத்தம் எனக்குப் புதிதல்ல. அச்சுக்கோப்பில் விழுந்த பிழை, தகவல் சொன்னவர் மாற்றிச் சொன்ன பிழை என்று பலவற்றுக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் என் காதில் பிறந்த பிழைக்குப் போட்டது அதுதான் முதல் தடவை. அதை உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அன்று மாலைக்குள் மேடவாக்கம் தாண்டி வேளச்சேரி சாலையில் இருக்கும் அந்தக் கடையில் எனக்கு நேரம் குறித்துக் கொடுத்தாய். உன் அக்கறையில் நான் குறை சொல்ல வரவில்லை. நீ அங்கே வெளியூரில் இருந்துகொண்டு கையில் இருக்கும் போனை வைத்து என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தாய்.

கடை பளிச்சென்று இருந்தது. பரிசோதித்த இளைஞர் மரியாதையானவர், டீ வாங்கிக் கொடுத்தார். கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு மூலையில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார். வெளியே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. எது ஹெட்போன் சத்தம், எது தாம்பரம் பஸ் என்று எனக்குச் சில சமயம் சந்தேகமாக இருந்தது. சந்தேகம் வந்தபோதெல்லாம் பட்டனை அழுத்திவிட்டேன். காதுக்குள் விளக்கடித்து யாரும் பார்க்கவில்லை. பிறகு எதிரே உட்கார்ந்து, ஹெட்போனில் முதலில் ஒரு காதுக்கு, அப்புறம் மறு காதுக்கு என்று, ஒரு தாளிலிருந்து ஒவ்வொரு சொல்லாக மைக்கில் படித்தார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அவருடைய உதடு எனக்கு நன்றாகத் தெரிந்தது. காலமெல்லாம் பேட்டி எடுத்தவளுக்கு எதிரே இருப்பவர் வாயைப் பார்க்காமல் இருக்கத் தெரியாது. அப்படியும் இடது காதில் நிறையத் தவறவிட்டேன். வயதானால் அப்படித்தான், இரண்டு காதுக்கும் ஜோடியாகப் போட்டால் சரியாகிவிடும், அடுத்த வாரம் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

உன் அப்பா என் பின்னால் உட்கார்ந்திருந்தார். கணக்கு வாத்தியார் பின்னால் உட்கார்ந்தால் சும்மா இருப்பாரா? கையில் இருந்த மின் கட்டண ரசீதின் பின்பக்கத்தில் அந்த இளைஞர் படித்த சொற்களையெல்லாம் வரிசையாக எழுதி, நான் தவறவிட்டவற்றுக்குப் பக்கத்தில் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் எடுத்துக் காட்டினார். எதற்கு இது என்று கேட்டேன். “டெஸ்ட்டுன்னு தெரிஞ்சும் ப்ரிப்பேர் பண்ணாம போறதா? காதுக்கும் பழக்கம் வேணும்ல” என்றார். அன்று சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு தொடங்கினார். மரம். மரம். பாய். பாய். கடல். கடல். பூட்டு. நான் தவறினால் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை, திரும்ப முதலிலிருந்து. மறுநாளும் அதே. நாலைந்து நாளில் அவர் முதல் சொல்லைச் சொன்னால் நான் கடைசிச் சொல் வரைக்கும் போய் நிற்கும் நிலைக்கு வந்துவிட்டேன். இதில் ஏமாற்று இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. உடற்பயிற்சி செய்தால் கை பலப்படுவதுபோல, சொல்லிச் சொல்லிக் கேட்டால் காது பலப்படும் என்று மனதார நம்பினோம்.

அடுத்த வாரம் இரண்டு காதிலும் மெஷினை மாட்டி அதே தாளை, அதே வரிசையில் படித்தார். நான் ஒன்றைக்கூட விடவில்லை. அந்த இளைஞருக்கு வந்த மகிழ்ச்சி பொய்யல்ல. மேலாளரைக் கூப்பிட்டு, “சார், பாருங்க. போன வாரம் லெஃப்ட்ல பாதி வரல. இன்னிக்கு நூத்துக்கு நூறு. ஃபிட்டிங் பர்ஃபெக்ட்” என்றார். உன் அப்பா முகத்தில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் பள்ளி வாசலில் நிற்கும்போது இருக்குமே, அந்தக் களை. தன் பயிற்சி பலித்தது என்று அவர் நினைத்தார், மெஷின் பலித்தது என்று அந்த இளைஞர் நினைத்தார், நான் இரண்டையும் நம்பினேன். தாளைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ கைதட்டும் பொம்மைகளாக அனுப்பி, உடனே வாங்கிவிடும்படி எழுதினாய். சில நாள் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மெஷினை இரவலாக எடுத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போனேன். மின்விசிறி கேட்டது. பெஞ்சை நகர்த்துவது கேட்டது. முன்வரிசைக் குழந்தையின் கொலுசு, யாரோ ஆரஞ்சு மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தது, எல்லாம் இடியாகக் கேட்டது. பிரசங்கம் மட்டும் பக்கத்து வீட்டு டி.வி. மாதிரி இருந்தது. ஒருவர் பேசுகிறார் என்று தெரிகிறது, உரக்கப் பேசுகிறார் என்றும் தெரிகிறது, என்ன பேசுகிறார் என்றுதான் தெரியவில்லை. ஆராதனை முடிந்ததும், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்த பெரியவர் பின்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் வருஷக்கணக்காக மெஷின் போடுகிறவர். வாங்கிவிட்டீர்களா, போட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். போட்டுப் பார்க்கிறேன் என்றேன். “வாங்கறது பெரிய விஷயம் இல்லம்மா. என் மச்சான்கூட வாங்கினான். பீரோல நகையோட பத்திரமா வெச்சிருக்கான். சேலையூர்ல ஒரு பொண்ணு இருக்கு, நான் முதல் தடவை போனப்ப மெஷினையே கண்ணுல காட்டல. காதுல அடைப்பு இருக்கு, டாக்டர்கிட்ட போய் எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பிடுச்சு. எனக்கு வந்த கோவம் இருக்கே” என்றார்.

தம்பி, இதை உனக்கும் சேர்த்து எழுதுகிறேன். காதுக்கு யாரிடம் போவது என்று தேடும்போது மெஷின் வாங்கியவர்களைக் கேட்காதே, போட்டுக்கொண்டிருப்பவர்களைக் கேள். வாங்கிய அன்று எல்லோருக்கும் சந்தோஷம்தான். நான் அந்தப் பெண்ணிடம் போய்வந்த இன்னும் இரண்டு பேரைத் தேடிப் பிடித்தேன். மாடம்பாக்கத்தில் ஒருவர், இரும்புலியூரில் ஒருவர். மெஷின் மாட்டிய பிறகும் திரும்பத் திரும்ப வரச் சொல்லி, காதுக்குள் மெல்லிய குழாயை வைத்து அளந்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்து தந்தார் என்று இருவருமே சொன்னார்கள். புகழ்ச்சியை மட்டும் வைத்துச் செய்தி எழுதக் கூடாது என்பதால், அங்கே போய்ப் பிடிக்காமல் திரும்பிய ஒருவரையும் கேட்டேன். தாம்பரம் சானடோரியம் பகுதியில் குடியிருக்கும் அந்த அம்மாவுக்கு இருந்த குறை, ரொம்பக் கேள்வி கேட்கிறாள், நம்மை சந்தேகப்படுகிற மாதிரி இருக்கிறது என்பது. அந்தக் குறைதான் என்னை அங்கே போக வைத்தது.

தையல் கடைக்கு மேலே, குறுகலான படி. பரிசோதனை அறைக்குக் கனமான கதவு. அதை மூடினால் தலைக்கு மேல் போகும் விமானப்படைப் பயிற்சி விமானம்கூடக் கேட்கவில்லை. ஆனால் உள்ளே கூட்டிப் போவதற்கு முன் அவர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். விளக்கடித்துக் காதைப் பார்த்தார். எங்கே கேட்கவில்லை, யார் பேசினால் கேட்கவில்லை, இரைச்சல் இருக்கிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வழக்கம்போல அப்பா எனக்குப் பதிலாகப் பதில் சொன்னார். “சார், உங்க காதை அப்புறம் பாப்போம். இப்ப மேடம் பேசட்டும்” என்றார் அந்தப் பெண் சிரிக்காமல். அப்பா வாயை மூடிக்கொண்டதை நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. பிறகு, போனை எந்தக் காதில் வைத்துப் பேசுவேன் என்று கேட்டார். இது என்ன கேள்வி என்று நினைத்தேன். இடதுகையில் போன், வலதுகையில் பேனா. என் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். இடது காதில் என்றேன். மூடிய வாய் திறந்துவிட்டது. “இப்பல்லாம் ரைட்லதானே வெச்சுப் பேசற. அதனாலதானே குறிப்பெழுத என்னைக் கூப்பிடற” என்றார் அப்பா.

அது உண்மை. போன வருஷத்திலிருந்தே அப்படித்தான். இடது தோள் வலிக்கிறது, அதனால் மாற்றிக்கொண்டேன் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். தோளில் வலியே இல்லை. அடுத்தவர் சொல்லும் காரணத்தை இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எழுதாதவள், என் காரணத்தை ஒருவரிடமும் விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டார்.

கனமான கதவுக்கு உள்ளே முதலில் சத்தங்கள், ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக. காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் ஒரு சின்னக் கருவியை வைத்து மறுபடியும். அடுத்து சொற்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தவர் ஓர் அட்டையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்கு விளக்கு அணைந்தது போல ஆனது. ஆனால் வலது காதில் முதல் சொல் வந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மரம். அதே தாள், அதே வரிசை. பிறகு இடது காதுக்கு மாற்றினார். அங்கே வந்தது கொழகொழவென்று ஒரு முனகல். பரவாயில்லை, எனக்குத்தான் தெரியுமே. மரம் என்றேன், பாய் என்றேன், கடல் என்றேன். அட்டை அசையாமல் இருந்தது. பூட்டு என்றேன்.

அவர் அட்டையை இறக்கினார். “மேடம், நான் இன்னும் சொல்லவே இல்லயே.”

கண்ணாடி வழியாக வெளியே அப்பா தெரிந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, தேர்வு அறைக்கு வெளியே காத்திருக்கும் தகப்பன் போல உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரசீது, கீரை, பெருக்கல் குறி எல்லாம். அந்தப் பெண் முதலில் சிரித்துவிட்டார். பரீட்சைக்குக்கூட யாரும் இவ்வளவு படித்திருக்க மாட்டார்கள் என்றார். சிரித்தபடியே, என் இரண்டு காதின் அளவையும் குறித்து முன்னால் வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. இங்கே எல்லோரிடமும் புழங்குவது அநேகமாக ஒரே தாள்தான், இடது காதின் வரைபடத்துக்கும் நான் வாங்கிக்கொண்டிருந்த மதிப்பெண்ணுக்கும் ஒட்டவே இல்லை, அதனால்தான் நடுவில் பேசாமல் இருந்து பார்த்தேன் என்றார். வேறு சொற்களை எடுத்து, வரிசையில்லாமல் சொன்னார். வலது காது ஓரளவு தேறியது. இடது காதில் நான் சரியாகச் சொன்னவை மிகக் கொஞ்சம். சத்தத்தைக் கூட்டினார், அப்போதும் சொல் தெளியவில்லை. அப்புறம் அப்பாவையும் உள்ளே கூப்பிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “வயசுல வர்ற குறைன்னா ரெண்டு காதும் கிட்டத்தட்டச் சேர்ந்துதான் மேடம் இறங்கும். உங்களுக்கு ஒண்ணு மட்டும் தனியா இறங்குது. சத்தம் கேக்குற அளவுக்குக்கூடச் சொல்லு புரியல. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா காரணம் தெரியாம நான் மெஷின் மாட்ட மாட்டேன்.”

வீட்டுக்கு ஆட்டோ பிடித்தோம். நான் ஏறி உட்கார்ந்ததும் அப்பா சுற்றிக்கொண்டு வந்து என் வலதுபக்கமாக ஏறினார். இத்தனை வருஷமும் என் இடதுபக்கம் உட்கார்ந்து வந்தவர். கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது, “நான்தான் உன்னைப் பாஸ் பண்ண வெச்சேன்” என்றார். படித்தது நான்தானே என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. அந்த ரசீதை இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். துவைக்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றிக்கொள்கிறார். நான் பார்க்காதது மாதிரி இருக்கிறேன். நீ அவரோடு பேசும்போது இதைப் பற்றிக் கேலி செய்யாதே. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு மெஷின் மாட்டுவதற்கு மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டுமா, பயமுறுத்திக் காசு பார்க்கிறார்கள் என்றாய். இதனால் யாருக்கு லாபம் என்று கேட்பது நான் உனக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கம்தான், அதனால் கோபமில்லை. விசாரித்துப் பார்த்தேன். ஸ்கேன் எங்கே எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. டாக்டர் யார் என்றுகூடச் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரிந்த காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள் என்றுதான் சீட்டில் எழுதினார். என் காது வரைபடத்தின், அதாவது ஆடியோகிராமின், நகலை நான் கேட்பதற்கு முன்பே கையில் கொடுத்தார், வேறு யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக் கேளுங்கள் என்றார். டாக்டரிடம் போனபோது அவரும் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு அதையே சொன்னார். இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள், ஒரே செய்தி. அன்று சேலையூரில் எனக்கு ஒரு ஜோடி மெஷினை விற்றிருக்கலாம், நானும் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். அவர் விற்கவில்லை. வேளச்சேரி சாலை இளைஞரைப் பற்றியும் நியாயமாக எழுத வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்த பொய்யை நம்பினார். ஆனால் முதல் தடவை, நாங்கள் படிக்காமல் போன அன்று, இடது காது அத்தனை சொற்களைத் தவறவிட்டதே, அப்போது ஏன் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விலைப்பட்டியலை எடுத்தார். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான். ஒருவருக்கு என் காது தவறவிட்டது விற்பதற்கு ஒரு காரணம். இன்னொருவருக்கு அது நின்று யோசிப்பதற்கு ஒரு காரணம். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நடந்ததை அந்த இளைஞரிடமும் சொன்னேன். அவர் பாவம், திகைத்துப்போய் நின்றார்.

இப்போது உன் காது. தீபாவளிக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே, காதுக்குள் கொய்யென்று ஏதோ சத்தம் வருகிறது என்றாய். எந்தக் காது என்று கேட்டதற்கு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று பேச்சை மாற்றிவிட்டாய். நாள் முழுவதும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறாய். நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடந்தது நினைவிருக்கிறதா? வரிசையில் உனக்கு முன்னால் நின்றவர்கள் படித்த எழுத்துகளையெல்லாம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, பலகை கண்ணுக்குத் தெரியாமலே கடைசி வரி வரைக்கும் ஒப்பித்து வெளியே வந்தாய். அடுத்த வருஷம் முழுக்கக் கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதியது பிறகுதான் தெரிந்தது. அதை நாம் என்ன செய்தோம்? கல்யாண வீடுகளில், விருந்துகளில், உன் ஞாபகசக்திக்கு உதாரணமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்பாவும் நானும் அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது இந்தக் கதை எங்கள் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஆட்டோவில்தான் வந்தது. நம் வீட்டில் எந்தப் பரிசோதனையும் தேர்வாக மாறிவிடுகிறது. தெரியாது, கேட்கவில்லை, புரியவில்லை என்று சொல்வது நம் மூன்று பேருக்கும் தோல்வி மாதிரி. நீயும் போனில் நான் கேட்பதற்கெல்லாம் சரிம்மா, சரிம்மா என்கிறாய். அதில் எத்தனை சரி உன் காதில் விழுந்தவை என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

உன் ஊரில் ஒரு நல்ல ஆளைத் தேடு. பதிவு பெற்றவரா என்று பார், கூச்சப்படாமல் கேள், நல்லவர்கள் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அறைக்குள் போனதும் கதவை மூடச் சொல்லி, வெளிச்சத்தம் வருகிறதா என்று கவனி. உன்னை அதிகம் பேசவிடுகிறாரா, தான் அதிகம் பேசுகிறாரா என்று பார். சொற்களைச் சொல்லும்போது அவர் வாயை மறைக்காவிட்டால் நீ கண்ணை மூடிக்கொள். முக்கியமாக, தப்பு விடு. கேட்காததைக் கேட்கவில்லை என்று சொல். ஊகிக்காதே. நல்ல ஆடியாலஜிஸ்டுக்கு நீ சரியாகச் சொல்லும் சொல்லைவிடத் தவறவிடும் சொல்தான் வேண்டும். அதை மறைத்துவிட்டு அவரைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. எவ்வளவு நல்லவரைத் தேடிப் போனாலும், நாம் கொண்டுபோய்க் கொடுப்பதை வைத்துத்தானே அவர் பார்க்க முடியும். சேலையூர்ப் பெண் அன்று நடுவில் பேசாமல் இருந்திராவிட்டால் அங்கேயும் நான் பாஸாகியிருப்பேன்.

அம்மாவுக்குப் பயமாக இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டாயாம். இருக்கிறது. ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தபோது உலக்கையால் இடிப்பதுபோலச் சத்தம். காதில் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். வலது காதில் அது அடங்கிக் கேட்டது, இடது காதில் இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன், வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அப்படி ஏதாவது வளர்ந்திருந்தாலும் அது பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது, மெதுவாக வளர்வது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் அல்லது சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். பெரும்பாலும் என்ற சொல்லை நான் தொழிலில் எவ்வளவோ முறை எழுதியிருக்கிறேன். அதற்குள் இவ்வளவு இடம் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. ஒன்றும் இல்லை என்று வந்தால் மறுபடி சேலையூருக்குப் போக வேண்டும். வலது காதுக்கு மெஷின் உதவும், இடது காதுக்கு என்ன செய்யலாம் என்பதை அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆகவே நானும் எழுதவில்லை.

நிலுவையில் இருப்பவை இரண்டு. ஒன்று, ஸ்கேன் ரிப்போர்ட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும், டாக்டர் சனிக்கிழமை காலை பார்ப்பார். இதைச் சொன்னவர் ஸ்கேன் சென்டர் வரவேற்பில் இருந்த பெண். என் வலதுபக்கம் நின்று சொன்னார், அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டார். வெள்ளியா சனியா என்று நான் இரண்டாவது தடவையும் கேட்டேன், அவர் முகம் சுளிக்காமல் திருப்பிச் சொன்னார். ஆகவே உறுதி. இன்னொன்று, உனக்குக் கொய்யென்று சத்தம் வருவது எந்தக் காதில் என்பது. அது எப்போது தெரியவரும் என்று என்னால் எழுத முடியவில்லை. அதற்கு உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை, நீ இன்னும் வாய் திறக்கவில்லை.

அம்மா